காலியாக நின்ற மேசை

…இந்நேரம் ஃபர்சானா தலையில் துணித்தொப்பியை மாட்டிக்கொண்டு என் மேசை முன்னால் நின்றிருப்பாள், தேன்குழலை உடையாமல் எடுத்துப் பாக்கெட்டில் அடுக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும், இடம் போகாது, காய்ச்சலில் புரண்டு படுத்த ஷரபுன்னிசாவுக்கு அந்த ஒரு நிம்மதி போதும். முடியாத நாளில் பதில் ஆளை அனுப்பாவிட்டால் மறுநாள் அங்கே வேறு யாராவது நிற்பார்கள், கோட்டையூரில் அந்தப் பலகாரக் கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து அதுதானே வழக்கம், பொன்னுத்தாயிக்கு முடியாவிட்டாலும் லட்சுமிக்கு முடியாவிட்டாலும் தன் நாத்தனார் ஃபர்சானாதான் கூலிக்குப் போய் நிற்பாள். போன மாதம் கொட்டகை கம்பெனியாகி, எல்லாரையும் நிரந்தரமாக்கி, கழுத்தில் போட்டோ போட்ட அட்டையை மாட்டிவிட்டார்கள்… அட்டை மாட்டினால் மட்டும் வழக்கம் மாறிவிடுமா என்ன?

வாசலில் செருப்புச் சத்தம். ஃபர்சானாவா, அதற்குள்ளா, போச்சு, வேலை போச்சு…

“என்னைய உள்ள விடல மைனி. உங்க எடத்துல வேற யாரும் நிக்கக்கூடாதாம். நீங்க லீவாம்.”

“அப்ப என் எடம்?”

“அது உங்களுக்குத்தானாம். சம்பளமும் உண்டாம்.”

“படுத்துக் கெடந்தாலுமா?”

“படுத்துக் கெடந்தாலுந்தான். நல்லா ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னாக.”

யா அல்லா. இத்தனை பேர் சுற்றி நின்று அடுக்கிக்கொண்டிருக்க, நடுவில் என் மேசை மட்டும் சும்மா நிற்கிறதா, எனக்காகவா, நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கும்போதா? கல்யாணத்தன்றுகூட யாரும் தனக்கென்று ஒரு நாற்காலி பிடித்து வைத்ததில்லை. பிரசவ வலி எடுக்கும் வரை அடுப்பு முன்னால் நின்றோமே, அப்போதும் ஆளை அனுப்பிவிட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போனோம்… உடம்பெல்லாம் சிலிர்த்தது, காய்ச்சலா சந்தோஷமா தெரியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த மேசையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபர்சானா மத்தியானத்துக்குக் கொண்டுபோன சோற்று டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, திறக்காமலே அடுப்படியில் வைத்தாள். அடுத்தவருக்கு முடியாத நாட்களின் கூலியில்தானே இவள் வீட்டில் உலை கொதித்தது… பொன்னுத்தாயி கழுத்திலும் அட்டை, லட்சுமி கழுத்திலும் அட்டை, இனி யாருக்குக் காய்ச்சல் வந்தால் இவளைக் கூப்பிடுவார்கள்?