இரண்டாம் கியர்

நான்கு வருஷமாக எங்கள் பழைய காரைத் தள்ளித்தான் கிளப்பினோம். காலையில் என் கணவர் பின்னால் போய் நிற்பார். பக்கத்து வீட்டு பீர் முகம்மதுவும் எதிர்வீட்டு அய்யாவுவும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுக்க வருவார்கள். ஸ்டியரிங்கில் நான். இரண்டாம் கியரில், கிளட்ச்சை மிதித்தபடி காத்திருந்து, வண்டி ஓட்டம் பிடித்ததும் காலை எடுக்க வேண்டும். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெறும். முச்சந்தியில் நிறுத்திவிட்டு இறங்குவேன். கணவர் ஏறித் துறைமுக அலுவலகத்துக்குப் போவார்.

எனக்குத் தெரிந்தது அந்த முப்பது கஜம்தான். ஆனால் மலேசியாவின் கிள்ளான் பக்கம், பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றே நினைத்தார்கள். ஒருநாள் பவுனம்மாள் தன் மகளிடம், "சிவமலரப் பாரு, ஆம்பளைங்க தள்ளுறாங்க, அவங்க மகாராணி மாதிரி ஒக்காந்து ஓட்டுறாங்க," என்றாள். நான் திருத்தவில்லை. அன்று முழுவதும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே சமைத்தேன்.

எழுபத்தெட்டில் ஒரு வியாழக்கிழமை, காலையில் எவ்வளவு தள்ளியும் வண்டி கிளம்பவில்லை. கணவர் அய்யாவுவின் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். பகல் இரண்டு மணிக்கு பீர் முகம்மதுவின் மனைவி ஹபீபா, ஆறு வயது மகள் அமீனாவைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள். குழந்தைக்கு மூச்சிழுப்பு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கடைக்காரர் டாக்சிக்கு போன் செய்து அரைமணி ஆகியும் வரவில்லையாம். ஆண்கள் எல்லாரும் வேலையில்.

"அக்கா, கார எடுங்கக்கா."

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பவுனம்மாள் வந்துகொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சாவியை எடுத்தேன். அதைத் தைரியம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முன்னால் சிறுத்துப்போகும் பயம், அந்த நொடியில் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஹபீபா குழந்தையோடு பின் இருக்கையில் ஏறினாள். மற்றப் பெண்கள் தள்ளினார்கள். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. முச்சந்தி வந்தது. நான் நிறுத்தவில்லை.

அடுத்த கியருக்கு மாற்றத் துணியாமல் இரண்டாம் கியரிலேயே கிள்ளான் சாலையில் ஏறினேன். எஞ்சின் அலறியது. துறைமுக லோரிகள் ஹார்ன் அடித்தபடி உரசுவதுபோல் தாண்டிப் போயின. குழந்தையின் மூச்சு சீழ்க்கையாகக் கேட்டது. கேட்கும்போது பயமாக இருந்தது. கேட்காத இடைவெளிகளில் என் மூச்சும் நின்றது.

ஏற்றத்தில் சிவப்பு விளக்கு. ஒரு கால் கிளட்ச்சில், மறுகால் பிரேக்கில். எஞ்சின் தணிந்து தணிந்து போயிற்று. அதைத் தூண்டிவிட மூன்றாவது கால் இல்லை. பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் நிற்கும் லோரியை நோக்கி உருண்டது.

"ஹபீபா, எனக்கு ஓட்டத் தெரியாதுலா," என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. உங்க வீட்டு அண்ணன் எங்க வீட்டுல சொல்லிருக்காங்க. பச்சை விழுந்துருச்சு, காலை எடுங்க."

தெரிந்துதான் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள். அதுவரை என் பயத்தில் பாதி என்னைப் பற்றியது. அது கழன்று போனதும், மீதி முழுவதும் பின் இருக்கையில் அந்தக் குழந்தையாகக் கிடந்தது. பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்து, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் ஒரு முழம் உருண்டு, உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மட்டும் மிதித்தேன். கார் குலுங்கி நின்றுபோனது. ஹபீபா குழந்தையோடு உள்ளே ஓடினாள். காவலாளி அங்கே நிறுத்தக் கூடாது என்றான். வண்டி செத்துவிட்டது என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, உள்ளேயிருந்து யாராவது அலறும் சத்தம் கேட்குமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஹபீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கில் ஆக்சிஜன் மூடி போட்டிருக்கிறார்கள், மூச்சு சீராகிவிட்டது, தூங்குகிறாள் என்றாள். பிறகு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள்.

"பஸ்ஸுல," என்றேன். "நான் இதத் தொட மாட்டேன்."

சரி என்று தலையாட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.