புண்ணாக்கும் களிம்பு

தேய்த்த இடத்தைப் புண்ணாக்குகிற களிம்பை நல்ல மருந்து என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் ஒருத்தரைத் தவிர யாரும் நம்பவில்லை. குவைத்திலிருந்து லீவில் போயிருந்த நானும் நம்பவில்லை.

என் அண்ணன் ததேயுஸ் பிறவியிலேயே வெள்ளை. முடி, இமை, தோல் எல்லாம் வெள்ளை. எங்கள் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர்தான். வருஷக்கணக்காக அந்தத் தோலில் வெயில் அடித்து, இடது கன்னத்தில் ஒரு காயம் ஆறாமல் கிடந்தது. தோல் புற்றுநோய், ஆனால் மேலோடுதான் இருக்கிறது, வெட்ட வேண்டாம், களிம்பு போதும் என்றார் டாக்டர். கம்பெனி டியூப் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் அதே மருந்தைக் கலந்து, வெள்ளை டப்பாவில் மலிவாகக் கொடுத்தார்கள். காயத்தில் மட்டுமல்ல, கன்னம் முழுக்க ஆறு வாரம் தேய்க்க வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு காயம் ஐந்தாகிவிட்டது. கன்னம் சிவந்து வெடித்து நீர் வடிந்தது. அண்ணி டெல்சி டப்பாவைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். அண்ணன் போய் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

கரையில் அதைவிட மோசம். படகுக்குச் சொந்தக்காரனான வள்ளக்காரன் சிலுவை எல்லார் முன்னாலும் கேட்டான்.

"ஏலே வெள்ளைக்காரா, ஒனக்க மூஞ்சியில ஒழுகுறது எனக்க மீன்ல விழுந்தா எவன் வாங்குவான்?"

"நான் மீனத் தொடல்லியே. வாயாலதானே கூறுதேன்."

"வாயும் அந்த மூஞ்சியிலதானே கெடக்கு."

சிரித்தார்கள். முகம் ஆறுகிறவரை ஏலம் கூற வராதே என்றான் சிலுவை. அந்த வேலை ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. ஆன்ட்ரூஸ் என்று ஒருத்தன் அதற்காகவே காத்து நின்றான்.

நான் அண்ணனை இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ரசலையன் முன்னால் டப்பாவை ஓங்கி வைத்து, ஆளைக் கொல்லப் பார்க்கிறீரா என்று கேட்டேன். கத்துவதானால் ரோட்டில் போய்க் கத்து என்றார்.

"ஒண்ணு அஞ்சாச்சு வேய்."

"அஞ்சும் நேரத்தே, மருந்து தேய்க்கதுக்கு முன்னயே, தோலுக்குள்ள கெடந்தது. கெட்ட தோலத்தான் மருந்து அரிக்கும். பாதியில விட்டா நோவு அங்கயே இருக்கும். கம்பெனி டியூப் தேச்சாலும் இதே கோலம்தான். அப்ப யாருட்ட சண்டைக்குப் போவ?"

"இத மொதல்லயே சொல்லப்படாதா?"

"சொன்னேன். ஒனக்க அண்ணன்ட்ட கேளு."

நான் திரும்பிப் பார்த்தேன். புண்ணாகும் என்று முதலிலேயே தெரியும் என்றார் அண்ணன். சொல்லியிருந்தால் டெல்சி ஒரு நாள்கூடத் தேய்க்க விட்டிருக்க மாட்டாளாம். பஸ்ஸில் வரும்போது, கொஞ்ச நாள் நிறுத்து, வேலையைக் காப்பாற்று, பிறகு தேய்க்கலாம் என்று நான் சண்டை போட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் டெல்சி அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"வேலையும் போச்சுன்னா பிள்ளையளுக்கு எத வச்சிச் சோறு போடுவீரு?"

"நான் செத்தா நீ எத வச்சிப் போடுவ?"

அவள் சோற்றுச் சட்டியை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அண்ணன் கன்னத்தில் மருந்தைத் தேய்த்துக்கொண்டு கரைக்குப் போனார். அங்கே அவர் இடத்தில் நின்று சிலுவையின் மீனை ஆன்ட்ரூஸ் ஏலம் கூறினான்.