கறுப்பி மேல் எழுதிய வாசகம்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலி உடைந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த அலுப்போடு, தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கி ஏறவேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொன்னோம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தலையை ஆட்டினார். அதை மட்டும் நன்றாக ஆட்டுவார்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கரித்துண்டால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில், 'லயத்துக்குப் பீலி வேணும் - பேச்சியம்மா' என்று எழுதினேன். பெயர் போடாமல் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

மறுநாளே சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்து அழித்தான். ஆபீஸ் கதவில் அறிவித்தலும் தொங்கியது. தோட்டத்துச் சொத்தான சுவர், கதவு, மரம், கல் எதிலும் யாரும் எதுவும் எழுதக்கூடாது. மீறினால் வேலை இல்லை.

"கம்முனு இரு பேச்சி," என்றார் என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன். "வேலைய நிறுத்தி, பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டிட்டா எங்க போறது?"

அவர் பயந்ததில் தப்பில்லை. கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளான நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகளே இல்லை என்று சட்டம் தள்ளி வைத்திருந்த ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. ஆனாலும் அந்த அறிவித்தலை மூன்று தடவை படித்தேன். தோட்டத்துச் சொத்தில்தானே எழுதக்கூடாது? எங்கள் சொத்தில்?

எங்களுக்கு என்று இருந்தது கறுப்பி என்ற பசு. தினமும் காலையில் அவளை, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு ஓட்டிப்போய், அவர் மனைவி துரைசானியின் கண் முன்னால் பால் கறக்கவேண்டும். பாலில் தண்ணீர் கலந்துவிடுவோமாம். நாலு மாதமாகத் தண்ணீருக்கு அலைகிறவர்களைப் பார்த்துச் சந்தேகப்படும் மூளையை என்ன சொல்ல!

மாட்டுப் பொங்கலன்று கறுப்பியின் கொம்புக்குக் காவி பூசி, மாலை போட்டேன். என் எழுத்தை அழித்துவிட்டு அந்த ஆள் விட்டுப்போன சுண்ணாம்பைக் குழைத்து, இரண்டு விலாவிலும் அதே வாசகத்தை எழுதினேன். ஆண்டியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு, எழுத்து கோணுகிறது என்று எழுந்துவந்து மாட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் குலவையிட்டபடி பின்னால் வர, கறுப்பி பங்களாவுக்கு ஏறினாள். துரைசானி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, சமையல்கார லியனார்ட் இங்கிலீஷில் சொன்னார். அதற்குள் துரை வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"தோட்டத்துச் சொத்துல எழுதக்கூடாது. தெரியாதா?"

"இது எங்க மாடுங்க தொரை."

"தின்றது தோட்டத்துப் புல்லு!"

"புல்லு உள்ள இருக்குங்க. நான் தோல் மேலதான் எழுதுனேன்."

கூட வந்த கண்டாக்கு ஐயா பாய்ந்தார். "வாயப் பாரு! கொண்டுபோய்க் கழுவு மாட்ட!"

"கழுவத் தண்ணி இல்லீங்களே ஐயா."

லியனார்ட் அதையும் இங்கிலீஷில் சொன்னார். துரைசானி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும், லயத்தில் தண்ணீர் இல்லாதது தெரியுமா என்று துரையிடம் கேட்டாராம்; லியனார்ட் பிறகு சொன்னார். துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா முதல்தடவையாகத் தலையை ஆட்டாமல் நின்றார். நான் கறுப்பியின் கயிற்றை இழுத்து, எழுதின விலாவை இன்னும் கொஞ்சம் துரை பக்கம் திருப்பினேன்.

பத்தே நாளில் புதுப் பீலியில் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகளைவிட அதிகமாக நனைந்தது நாங்கள்தான். அன்றைக்கே ஆபீஸ் கதவில் இன்னோர் அறிவித்தலும் வந்தது. ஈரச் சேலையோடு போய், எல்லோருக்கும் கேட்க நான் படித்தேன்.

"தொழிலாளர்களுக்குச் சொந்தமான மாடு, ஆடு, கோழி எதன் மேலும் எழுதக்கூடாது."

"கோழி மேலயா!" என்று பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மொதல்ல என்னமோ படிச்சியே, அதத் திரும்பப் படி."

"தொழிலாளர்களுக்குச் சொந்தமான..."

எங்களுக்குச் சொந்தம் என்று ஆபீஸ் காகிதம் ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீரம்மா கேட்காமலே இன்னொரு தடவை, சத்தமாகப் படித்தேன்.