தனியார் தொழிற்சாலை ஒன்றில்

"ஆலை பேரு இல்லாம இன்னா நியூசு அது, அக்கா?"

"தனியார் தொழிற்சாலைன்னு வரும்."

"இந்த ரோட்டுல எத்தினி தனியாரு கீதுன்னு உனுக்குத் தெரியாதா? விம்கோ நகர் தாண்டறதுக்குள்ள ஏழு கேட்டு. எந்த கேட்டுக்குள்ள எம்புருசன் செத்தான்னு யாருக்குத் தெரியும்?"

ஜஸீமா நோட்டை மூடினாள். நாளிதழ் ஒன்றின் நிருபர் அவள்; தண்டையார்பேட்டைக்காரி என்பதால் இந்தப் பக்கத்துச் சாவுகளெல்லாம் அவளிடம்தான் வரும். எதிரே, எண்ணூர் விரைவுச் சாலையோரக் கருங்கல்லில் உட்கார்ந்திருந்தவள் சிவந்தி. அவளுடைய கணவன் நீலமேகம், ஒப்பந்தக் கூலி, முந்தின நாள் காலை உருக்காலைக் கொட்டகையின் கூரையிலிருந்து விழுந்து இறந்தான். கூட இருந்த இருவர் பார்த்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் சாலை விபத்து என்றிருந்தது. கேட்டுக்கு வெளியே வண்டியிலிருந்து விழுந்துவிட்டானாம். அன்று அவன் வேலைக்கே வரவில்லை என்றார் காண்ட்ராக்டர். பார்த்த இருவருக்கும் மறுநாள் ஆலைக்குள் நுழைய கேட் பாஸ் வேண்டியிருந்தது. ஆகவே அவர்களும் பார்க்காதவர்களாகிவிட்டார்கள். ஆலையின் பெயரோடு பேப்பரில் ஒரு வரி வந்தால் போதும், அதைக் காட்டி ஸ்டேஷனில் பேசலாம் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். நாளைக் காலை சிவந்தி கையெழுத்துப் போட்டு உடலை வாங்கியாக வேண்டும். வாங்கிவிட்டால் அந்தச் சீட்டில் இருப்பதுதான் உண்மை.

போன் அடித்தது. ஆபீசிலிருந்து தலைமை நிருபர் சௌக்கத் அலி. ஜஸீமா நாலடி தள்ளிப் போய் எடுத்தாள்.

"பேர் போடணும் சார். நேர்லயே விசாரிச்சுட்டேன்."

"நீ போட்டாலும் மேல எடுத்துடுவாங்கம்மா. நாளைக்கு மூணாம் பக்கம் முழுசா யாரு விளம்பரம்னு தெரியுமில்ல?" அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "தனியார்னு போட்டு நாலு வரி அனுப்பு. ஆறு மணிக்குப் பக்கம் முடியுது." பிறகு போகிற போக்கில் கேட்டார். "மறியல் கிறியல் ஏதாவது உண்டா? துறைமுக ரோடு அரை மணி நேரம் நின்னா சேனல் பூரா வந்துடும். எல்லாரும் பேரோட போடுவான். அப்ப நாமளும் போட்டே ஆகணும்."

அவளுக்குத் தெரியாததா? போன மாதம் இதே சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்தது முதல் பக்கத்தில் வந்தது. எத்தனை லாரி நின்றது, எத்தனை கோடி நஷ்டம், எல்லாம் அவள்தான் எழுதினாள். டிரைவரின் பெயரை விசாரிக்க அவளுக்குத் தோன்றவில்லை; யாரும் கேட்கவுமில்லை. துறைமுகத்தை நோக்கி ஊரும் இந்த லாரி வரிசையை, எஞ்சினை யாருமே பார்த்திராத ஒரு ரயில் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாள். இப்போதும் அது ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னா சொல்றாரு உங்க ஆபீசரு?"

ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்ற தவிப்பில் வாய் முந்திக்கொண்டது. "ரோடு நின்னாதான் பேரு வருமாம்."

சிவந்தி மெல்லத் திரும்பிச் சாலையைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த நீலமேகத்தின் அக்கா கன்னியம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க இன்னாடி பாக்கற? எம்புள்ள அதே கேட்டுலதான் வேல செய்யுறான். நாளைக்கு அவன உள்ள வுட வேணாமா?"

"போவட்டும் அண்ணி. அவனுக்கும் ரோட்டுல வுழுந்தான்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. பத்திரமா வாங்கி வெச்சிக்க."

கன்னியம்மாவின் பிடி தளர்ந்தது. சிவந்தி இறங்கிப் போய் முதல் தடத்தின் நடுவில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு ஆட்டோ ஒடித்துத் திரும்பியது. "இன்னாமே, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான் ஓட்டியவன். அதற்குப் பின்னால், இருநூறு அடி தூரத்தில், ஒரு டிரெய்லர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது.

ஜஸீமாவின் கை பழக்கத்தில் போனைத் தூக்கிவிட்டது. திரையில் சிவந்தி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தாள். ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அது மறியல் இல்லை. தற்கொலை முயற்சி, அதற்கும் நாலு வரிதான். செய்தி எடுக்கப் போனவள் செய்திக்குள் போய் உட்காரக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். மீறிய ஒருத்தி அடுத்த வாரம் ஆபீசில் இல்லை.

"போட்டோ அப்பால புடிக்கலாம்," சிவந்தி லாரியைப் பார்க்காமல் அவளையே பார்த்துச் சொன்னாள். "ஒருத்திய மட்டும் பாத்தா பைத்தியம்னு நெனச்சி ஏத்திகினு பூடுவான். ரெண்டு பேருன்னா நிப்பாட்டுவான்."

பக்கத்தில் தாரின்மேல் படிந்திருந்த நிலக்கரித் தூசியைப் புறங்கையால் ஒதுக்கி, ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் செய்தாள்.

"வாக்கா. வந்து குந்து."