புல்வெட்டியும் சும்மா இருக்காத கையும்

கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிக்கு எது திறந்து கிடந்தாலும் ஆகாது. குழாய் சொட்டினால் மூடுவாள். அலமாரிக் கதவு ஒருக்களித்திருந்தால் சாத்துவாள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைப்பாள். ஆள் இருக்கும் அறையிலும் சில சமயம் அணைத்துவிடுவதுண்டு. குளியலறையில் முகம் நிறையச் சோப்போடு இருட்டில் நின்றுகொண்டு, "அடியே, நான் உள்ள இருக்கேன்டி!" என்று அவர் கத்தாத வாரம் குறைவு.

"இருந்தா ஒரு சத்தம் குடுக்கிறதுதானே?" என்று திருப்பிக் கேட்பாள். தப்பு தன் பக்கம் இருக்கும்போதுதான் அவளுக்குக் குரல் ஓங்கும்.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், சுற்றிலும் ஊரார் துணிமணி, விரல் நுனியில் எந்நேரமும் நீலச் சாக்குக்கட்டித் தூள். அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஆனால் நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கடையை அவருடைய அக்கா மகன்தான் பார்த்துக்கொள்கிறான். டாக்டர் கடைக்குப் போகலாம் என்று சொல்லியும் அவர் போகவில்லை. கேட்டால், "பாக்கலாம்" என்பார். சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். முன்பெல்லாம் வீட்டில் ஓயாமல் வம்பு பேசும் மனுஷன், இப்போது கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்னால் தூங்கினார். அவளுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அதனால், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் கிடந்த பழைய பெட்ரோல் புல்வெட்டியை ஒருநாள் அவராகவே வெளியே உருட்டி வந்தபோது, அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாய் மட்டும், "இந்தத் துருப்பிடிச்ச சனியனை எதுக்கு இழுத்துட்டு வர்றீங்க?" என்றது.

"புல்லு முழங்கால் வரைக்கும் வந்திருக்கு பாரு. இதை ஓட வைக்கிறேன்."

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டார். கண்ணாடிக் காம்பு முடுக்கும் குட்டித் திருப்புளிகள்தான் ஆயுதம். ஸ்பார்க் பிளக்கை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் பளபளவென்று துடைத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, பெட்ரோல் போகும் பொடித் துளையை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தார்.

"என்ன, கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா? எழுதிக் குடுத்தா ஃபிரேம் நான் பாக்கறேன்" என்றாள் அவள்.

"ஊருல இருக்கிறதெல்லாம் மூடற, அந்த வாயை மட்டும் விட்டுடறியே!"

அவள் சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள். மனுஷன் வம்புக்கு வந்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். தண்ணீர் மோட்டார் விற்கிறவர். சுழல்கிற எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. "மாப்ளே, இது மியூசியத்துல இருக்க வேண்டியது. ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். அதுக்குள்ள ஓடலைன்னா இது பழைய இரும்புக்குப் போகுது, என்கிட்ட இருக்கிற பேட்டரி மெஷின் இங்க வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தபடியே சொன்னார். "இதையே ஓட வைக்க முடியலைன்னா, கடையில போய் என்னத்தைக் கிழிக்கப் போறேன்? கை வேற நடுங்குது. பேசாம அக்கா பையன் பேருக்கே கடையை எழுதிக் குடுத்துடறேன்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் விளையாட்டாகச் சொன்னதையெல்லாம் செய்து முடித்தவர். அவளைக் கட்டிக்கொண்டதே அப்படித்தான்.

இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை வெடுக்கென்று இழுக்க டாக்டர் விடமாட்டார். ஆகவே இழுக்கிற வேலை அவளுடையது. ஒவ்வொரு முறையும் அவர் டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் டேப்பைத் திறந்து, "கொஞ்சம் இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளே போவார். கண்ணாடித் தொழில்காரருக்கு விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு நிமிடம் தாங்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து அவர் திரும்பி வருவதற்குள் அவள் தையலைப் போட்டுவிட்டுப் புல்வெட்டியருகே வந்து நிற்பாள். "இழு!" என்பார். இழுப்பாள்.

இஞ்சின் கிளம்பும்! புகை கக்கும், தடதடவென்று உறுமும், அவர் முகம் மலரும். சற்று நேரத்தில் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். அப்புறம் எத்தனை இழுத்தாலும் அசையாது. மறுபடி கார்புரேட்டர் மேசைக்கு வரும். மறுநாளும் இதே கூத்து.

சனிக்கிழமையும் அதே இருமலோடு நின்றது. அவர் குட்டித் திருப்புளிகளைத் துணியில் சுருட்டினார். "அண்ணன் வண்டி வரட்டும். அப்படியே அக்கா பையனையும் நாளைக்கு வரச் சொல்லு, கடை விஷயம் பேசிடலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தூறல் போட்டது. புல்வெட்டி மேல் சாக்கைப் போர்த்தப் போனாள். குனிந்ததும் அவள் கை தன்பாட்டுக்குப் பெட்ரோல் டேப்பிடம் போனது. அது ஏற்கனவே மூடியிருந்தது. அதன் மேல் நீலமாக ஒரு தீற்றல்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் தன்னைத்தானே.

அவர் கை கழுவப் போகும்போதெல்லாம், வந்து நின்ற இடத்தில், இந்தக் கை சும்மா இருக்கவில்லை. அதுவரை கீழே இறங்கியிருந்த சொட்டுப் பெட்ரோலில்தான் இஞ்சின் ஓடியிருக்கிறது. மனுஷன் எப்போதோ அதைச் சரி செய்துவிட்டார். அந்த வீட்டில் எது மூடியிருந்தாலும் அவர் ஆச்சரியப்படுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று, அதனால் அவருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் காதுக்குப் போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிச் சிரிப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு துண்டுத் துணியால் நீலத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, "காலையில ஒரே ஒரு தரம் பாத்துடலாங்க, எனக்காக" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேட்டரி மெஷினோடு வந்து இறங்கினார். இவர் வேண்டாவெறுப்பாக டேப்பைத் திறந்துவிட்டுக் கை கழுவப் போனார். அவள் இடது கையால் வலது கையை முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, வாத்தியார்கிட்ட மாட்டின மாதிரி நிக்கிற?"

"இடுப்பு வலி."

அவர் வந்து, "இழு" என்றார். இழுத்தாள். இஞ்சின் உறுமியது. வழக்கமாக நிற்கும் நேரம் வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நேரம் கடந்தது. இஞ்சின் நிற்கவில்லை. அவர் குனிந்து அதனருகே காதை வைத்தார். குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் எதையோ உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவள் பக்கம் திரும்பவில்லை.

"என்ன மாப்ளே பண்ணினீங்க?" என்று அண்ணன் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"உள்ள ஒரு பொடி அடைப்பு மச்சான். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது" என்று தொடங்கி, அந்தத் துளையின் வரலாற்றை அவர் விடாமல் விவரித்தார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, பேட்டரி மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

அண்ணன் போன பிறகு புல் முழுவதையும் வெட்டி முடித்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் தள்ளினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"வா, வந்து டேப்பை மூடு" என்றார்.

"நீங்களே மூடுங்க."

"உன் வேலையில நான் எதுக்குக் கை வைக்கணும்? சாக்குக்கட்டியைத் துடைச்சா இடுக்குலயும் சேர்த்துத் துடைக்கணும்டி."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னைச் சும்மா விடுவாரா? உன்னைக் கிண்டல் பண்ண நான் ஒருத்தன் போதும்."

அவள் குனிந்து மூடினாள். இஞ்சின் சற்று நேரம் ஓடி, வழக்கமான அதே இரண்டு இருமலை இருமி நின்றது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பிலேயே கண்ணும் நிறைந்துவிட்டது.

அவர் கை கழுவ உள்ளே போனார். பாதியில் நின்று, "கடைச் சாவியை எங்க வெச்சிருக்க? நாளைக்கு நானே போய்த் திறக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"அலமாரியில, மேல் தட்டுல."

"சரி. கடைப் பக்கம் வந்தா எதையும் மூடிடாதே."