பின் இருக்கையில் நாற்று

ரொம்ப ஓடிய வண்டியை வாங்கப் போனால் வண்டியையும் நம்பக்கூடாது, விற்கிறவனையும் நம்பக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் மகன் ராகுல் அனுப்பிய பதினோரு நிமிடக் குரல் பதிவின் சாரம் அவ்வளவுதான். அதை ஐந்து தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, வலங்கைமானிலிருந்து மனைவியோடு பஸ் ஏறித் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இறங்கினார் மாரியப்பன். நாலு ஏக்கர் சம்பா போட்டிருக்கும் மனுஷன், மாடு வாங்கியிருக்கிறார், டிராக்டர் வாங்கியிருக்கிறார். காருக்கு மட்டும் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

மனைவி தனபாக்கியத்துக்குத் தஞ்சாவூரில் வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், டயாலிசிஸ். போன வியாழக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது, பாபநாசம் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இதோட நிறுத்திக்கலாங்க. வீட்டுலயே கெடக்கறேன்" என்றாள். நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைக் கெஞ்சித்தான் இன்றைக்குக் கூட்டி வந்தார். வண்டியில் உட்கார்ந்து பார்த்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இனிக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்திருந்தார். அந்தச் சத்தியம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

புரோக்கர் பிரபு வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார் ஒன்றை நிறுத்தியிருந்தான். தனபாக்கியத்துக்கு நாற்காலி போட்டான். மீட்டர் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் காட்டியது.

"மீட்டரைத் திருப்பலீங்க. திருப்புறவன் இவ்ளோவா வைப்பான்?" என்று சிரித்தான்.

மாரியப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெடல் ரப்பர் தேய்ந்திருந்தது. ஓடியது பொய்யில்லை. இன்ஜின் மேல் கையை வைத்தார், சில்லென்று இருந்தது. அதற்கப்புறம்தான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முதல் சாவிக்கே பிடித்தது. புகையில் நீலமும் இல்லை, கருப்பும் இல்லை. ஆயில் மூடியைத் திருகி அடியில் பார்த்தார், பாலாடை மாதிரி எதுவும் படியவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார், சேற்றுக் கறை கிடையாது. வெள்ளத்தில் நின்ற வண்டியில்லை.

"இவ்ளோ தூரம் எங்க ஓடுச்சு தம்பி?"

"கொடவாசல் பக்கம் ஒரு வீட்டு வண்டிங்க. அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல. சென்னை, மதுரைன்னு ஆறு வருஷமா ஆஸ்பத்திரிக்கே ஓடுச்சு. ஆடி மாசத்தோட ஷெட்டுல போட்டுட்டாங்க. நேத்து சாயங்காலந்தான் பேட்டரி மாட்டி ஓட்டியாந்தேன். பின் கதவை நான்கூடத் தொறக்கலீங்க."

ஆடியில் என்ன ஆயிற்று என்று மாரியப்பன் கேட்கவில்லை. பிரபுவுக்குப் போன் வந்தது, நகர்ந்தான்.

கடைசியாகத் தரையில் துரு பார்க்க வேண்டும். மாரியப்பன் இடது பின் கதவைத் திறந்தார். கண்ணாடியில் கருப்பு பிலிம் ஒட்டியிருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. குனிந்தவரின் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. நாற்றங்கால் வாசனை.

ஈரமான கார்ப்பெட்டில் நெல் முளைத்திருந்தது. எப்போதோ ஏற்றிய விதை மூட்டையிலிருந்து சிந்தியிருக்கும். வெயில் படாமல் வெளுத்து, ஒரு சாண் உயரத்தில் நின்றது. மூன்றாவது இலை விட்டிருக்கிறது. அப்படியென்றால் பதினைந்து நாள் நாற்று. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வண்டியில், பதினைந்து நாளைக்கு முன்னால் தண்ணீர் ஊற்றியது யார்? கூரையைத் தடவினார், கதவு ரப்பரைத் தடவினார். எல்லாம் காய்ந்திருந்தன.

அப்புறம்தான் நாற்றின் நடுவே இருந்த இரண்டு வெற்றிடங்களைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். சின்னப் பாதங்கள், பொம்பளைப் பாதங்கள்.

விதைத்த அன்றைக்கு நாற்றங்காலில் யாராவது கால் வைத்துவிட்டால் அந்த இடத்தில் விதை அழுந்தி முளைக்காது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அப்படி விழுந்த பள்ளத்தைச் சுற்றியிருக்கும் நாற்று, நாலு நாளில் காலி இடத்தைப் பார்த்து உள்பக்கம் சாயும். இங்கே ஒவ்வொரு தாளும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. வயலில் நட்ட கம்பத்தை ஒதுக்கிக்கொண்டு பயிர் வளருமே, அந்த மாதிரி. கம்பம் இன்னும் நின்றால்தான் பயிர் அப்படி ஒதுங்கும்.

மாரியப்பன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இந்த எழவே வேண்டாம் என்று பிரபுவிடம் சொல்ல, அவன் போன் பேசிக்கொண்டிருந்த பக்கம் போனார். பேச்சு முடியட்டும் என்று நின்று, திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

தனபாக்கியம் வலது பக்கக் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் கால் வைத்திருந்த பக்கம் தரை துடைத்தாற்போல் இருந்தது.

"எறங்கு தனம்."

"இருங்க. வயித்தப் பெரட்டல. ஏறும்போது யாரோ நகர்ந்து எடம் விட்டாப்ல இருந்துச்சு." அவள் முகத்தில் எட்டு மாதமாகக் காணாத ஒரு தெளிவு. "இதுன்னா திங்கக்கிழமை வர்றேங்க."



"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று, பேச்சை முடித்துக்கொண்டு வந்த பிரபு முன்னால் ஏறி, மறுபடி போனை நோண்டத் தொடங்கினான். மாரியப்பன் வண்டியை எடுத்தார். சாலைக்கு இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது. பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்றிருந்தவர், வேகத்தடை வந்ததும் பழக்க தோஷத்தில் பார்த்துவிட்டார்.

தனபாக்கியம் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே சாய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் தலை நின்றது. வண்டி குலுங்கி ஏறி இறங்கியபோதும் அது சரியவில்லை.

மாரியப்பனுக்குப் பயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் கட்டில் காலியாகக் கிடக்கும் வீட்டை நினைத்தபோது வந்த பயம் இதைவிடப் பெரியது. அடுத்த வேகத்தடைக்கு ரொம்ப முன்பே வேகத்தைக் குறைத்தார்.

வேப்பமரத்தடிக்குத் திரும்பியதும் பிரபு கேட்டான், "எப்படிங்க இருக்கு?"

"எடுத்துக்கறேன் தம்பி."

"அப்ப பின்னாடியெல்லாம் கழுவி, சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்."

"வேணாம். பின்னாடி யாரும் கை வைக்க வேணாம்."

பிரபு பேப்பர் எடுக்கப் பக்கத்திலிருந்த தன் ஆபீஸ் அறைக்குள் போனான். தனபாக்கியம் இன்னும் எழவில்லை. மாரியப்பன் இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது பக்கம் சுற்றிப் போனார். கருப்புக் கண்ணாடிக்கு நேரே தலையைக் குனிந்தார்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கெளம்பணுங்க" என்றார்.