முதுகு காட்டிய பெட்டி

என் கணவர் ரெய்னோ போடும் ஓட்டையைப் பார்த்தால் எலிகூட வெட்கப்படும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீட்டில் உட்கார்ந்து வானொலிப் பெட்டி செய்கிற மனுஷன். பேசவும் கேட்கவும் இரண்டுக்கும் ஆன வானொலி. உள்ளே இருக்கும் வேலை அத்தனையும் பிரமாதம் என்று ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால் கம்பி சொருகப் பெட்டியில் ஓட்டை போட வேண்டும் என்று வந்துவிட்டால் பிஸ்கட் டப்பா, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான் அவருடைய பொறுமை. ஓட்டையைச் சுற்றித் தகரம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பல்தான் கூடத்தில் இருந்த என் லேஸ் திரைச்சீலையைக் கிழித்தது. பிறகு என் அக்கா ஐலியின் கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்தது. அன்றைக்கே அந்தப் பெட்டியையும் அவரையும் கராஜுக்கு அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் கிடையாது.

ஆனால் எங்கள் ஊர் மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது. பனிக்காலத்தில் எங்கள் கராஜில் பாலை வைத்தால் கல்லாகிவிடும். போன பிப்ரவரியில் ரெய்னோ அங்கிருந்து இருமிக்கொண்டே வந்தார். நிமோனியா. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், குளிர்காலத்தில் கராஜ் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது.

வானொலி நின்றது. தினமும் காலை ஏழு மணிக்கு ஏரியைச் சுற்றி இருக்கும் கிழவர்கள் எல்லாம் காற்றில் கூடி முழங்கால் வலி, மீன், வானிலை என்று பேசுவார்கள். இவர் அதில் இல்லை. அதனால் என் சமையலறைக்கு வந்துவிட்டார்.

"ஹெல்மி, சூப்புல மிளகு ஜாஸ்தி."

"இன்னும் போடவே இல்லையே."

"போடப்போறேல்ல, அதான் சொன்னேன்."

கரண்டிகளை உயரவாரியாக அடுக்கினார். என் அடுப்பின் சூட்டைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் காலை ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்து, காபிக் கோப்பையை மைக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"யோவ், புதுப் பெட்டி ஒண்ணு செய். கூடத்துல அந்தக் குட்டை அலமாரி மேல வச்சுக்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்னது?"

"ஒவ்வொரு ஓட்டையிலயும் என் நைலான் காலுறையைப் போட்டு இழுப்பேன். ஒரு நூல் மாட்டினாலும் பெட்டி வெளிய போகணும்."

"ஏரோப்ளேனைக்கூட அப்படிச் சோதிக்க மாட்டாங்க, ஹெல்மி."

"ஏரோப்ளேன் என் திரைச்சீலையைக் கிழிக்கலையே."

அடுத்த பெரும்பனி வருவதற்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு குளிர்காலம் முழுக்க அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தபாலில் அலுமினியப் பெட்டி வந்தது. முன்பக்கம் ஸ்டேஷன் பிடிக்கும் திருகுகளுக்கான துளைகள் கம்பெனியிலேயே போட்டவை, வழவழவென்று இருந்தன. பின்பக்கத் தகடு மட்டும் வெறுமையாக இருந்தது; கெட்டுப்போனால் மாற்ற இன்னும் இரண்டு தகடு கூடவே வந்திருந்தன. யார் எந்தக் கம்பியைச் சொருகுவார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாதே. ஆண்டெனாவுக்கு ஒரு வட்டம், மின்சாரத்துக்கு ஒரு நீள்சதுரம், ஹெட்போனுக்குச் சின்னதாக ஒன்று, கம்ப்யூட்டர் கம்பிக்கு ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும் ஒரு விபரீதமான வடிவம். எல்லாம் இவர் கையால் வெட்ட வேண்டியது.

முதல் தகட்டில், டிரில்லில் பெரிய துளைமுனையை மாட்டி நேராக வைத்து அழுத்தினார். முனை தகட்டைக் கவ்விக்கொண்டு சுழன்றது. தகடு பறந்து போய்க் கராஜ் கதவில் மோதியது. வட்டமாக வந்திருக்க வேண்டிய ஓட்டை சமோசா மாதிரி வந்திருந்தது.

இரண்டாவது தகட்டில் அவசரமே படவில்லை. ஒட்டுத்தாள் ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சின்ன முனையில் ஆரம்பித்துப் பெரிய முனைக்குப் போனார். நாலு ஓட்டையும் லட்சணமாக வந்தன. தகட்டைப் பெட்டியில் பொருத்தியதும் அவர் முகம் தொங்கிவிட்டது. உள்பக்கம் நின்று அளந்ததை வெளிப்பக்கம் வரைந்திருக்கிறார். எல்லாம் இடம் வலம் மாறிவிட்டது. தகட்டின் ஓரம் மடிந்திருந்ததால் அதைப் புரட்டிப் போடவும் வழியில்லை. ஆண்டெனா ஓட்டை வழியாக டிரான்ஸ்ஃபார்மர் எட்டிப் பார்த்தது.

"பெட்டியைத் தலைகீழா வச்சுக்கயேன்," என்றேன்.

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

மூன்றாவது தகட்டுக்குக் கிளாரன்ஸ் வந்தான். ஏரியின் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன், காலை ஏழு மணிக் கூட்டத்தின் பெரிய வாய். தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் குளிர் இறங்கிவிட்டதால் இரண்டு பேரையும் என் சமையலறை மேசையில் உட்கார வைத்தேன்.

"முதல்ல புள்ளி குத்துய்யா. அப்பத்தான் முனை வழுக்காது," என்றான் கிளாரன்ஸ்.

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவன் தகடு ரெண்டும் ஏன்யா குப்பைத்தொட்டியில கெடக்கு?"

"அது பழகறதுக்குப் போட்டது."

"கோட்டுக்கு உள்ளயே வெட்டு. மிச்சத்தை அரத்தால தேய்ச்சுக்கலாம். வெட்டுனதை ஒட்ட முடியாது."

இடுக்கி கடித்துத் துப்பிய துண்டுகள் பிறைப்பிறையாக மேசையிலும் தரையிலும் சிதறின. என் செருப்பில், பூனையின் முதுகில், எங்கே பார்த்தாலும் அலுமினியப் பிறை. நான் ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து வைத்தேன். கிளாரன்ஸ் ஒரு வாய் கடித்துவிட்டு நிறுத்தினான்.

"ஹெல்மி, ரொட்டியில பாதாம் சீவிப் போட்டிருக்கியா?"

"இல்லையே."

அவன் பல்லிடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மரியாதையாக அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் அரம்தான். ரெய்னோ தேய்ப்பார், ஊதுவார், இணைப்பானைச் சொருகிப் பார்ப்பார், உருவுவார், மறுபடி தேய்ப்பார். சுத்தியல்காரரிடம் இத்தனை பொறுமை எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. என் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சூப்பை என் இஷ்டத்துக்கு வைத்தேன்.

வானம் சாம்பல் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. கிளாரன்ஸ் சாட்சி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, அதன் தொங்கும் நுனியை வட்டத்தில் விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. நீள்சதுரமும் சின்னதும் அப்படியே. கடைசியாக அந்த விபரீத வடிவத்தில் விட்டேன்.

மாட்டியது.

"மாட்டிருச்சு," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ரெய்னோவின் முகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது. அரத்தை எடுக்கக்கூட அவர் கை போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தேன். காலுறைக்குள் உடைந்திருந்தது என் கட்டைவிரல் நகம். நூல் அதில்தான் சிக்கியிருந்தது.

"உன் ஓட்டை பாஸ்யா. என் நகம்தான் ஃபெயில்."

கிளாரன்ஸ் ஆர்ப்பரித்தான். ரெய்னோ மூக்கைச் சிந்திக்கொண்டு, அலுமினியத் தூள் என்றார்.

மறுநாள் காலை பெரும்பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தேன். பெட்டி அலமாரி மேல் இருந்தது. அதிலிருந்து கறுப்புக் கம்பிகள் குடல் சரிந்ததுபோல முன்னால் வந்து என் அலமாரி விரிப்பின் மேல் கிடந்தன. ரெய்னோ அலமாரி மேல் குப்புறச் சாய்ந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சுவரில் என் முகம் பார்க்கும் கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னய்யா பண்ற?"

"ஸ்டேஷன் பிடிக்கிறேன். கண்ணாடியில நம்பர் எல்லாம் திரும்பித் தெரியுது."

"பெட்டியைத் திருப்பி வையேன்!"

"திருப்பினா ஓட்டையெல்லாம் சுவத்தைப் பாத்து நிக்கும். அப்புறம் யாரு பாப்பா? இந்தத் திருகுப் பக்கம் எவனோ கம்பெனிக்காரன் பண்ணினது. இதுதான் நான் பண்ணினது."

சிரித்துச் சிரித்து நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொல்லியிருக்கிறார். அந்த நாலு ஓட்டைகளையும் நான் இன்னொரு தடவை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன.

"எந்திரி. அலமாரியை ஒரு கை பிடி," என்றேன்.

இரண்டு பேருமாக அதைச் சுவரைவிட்டு இழுத்துக் கூடத்தின் நடுவில் கடைக் கல்லா மேசை மாதிரி நிறுத்தினோம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் அவருக்கு நாற்காலி போட்டேன். திருகுகள் அவர் பக்கம். ஓட்டைகள் என் பக்கம்.

ஏழு மணி. கிளாரன்ஸின் குரல் கூடத்தை நிறைத்தது.

"ரெய்னோ! வந்துட்டியாய்யா! ஓட்டையெல்லாம் எப்படி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அது ஹெல்மி பக்கம்ல இருக்கு."

நான் சமையலறையில் மீன் சூப்புக்கு உலை வைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் நேராக என் அடுப்புதான் தெரியும்.

"ஹெல்மி, மிளகைப் பாத்துப் போடு!"

மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே கத்தியிருக்கிறார். சுப்பீரியர் ஏரியைச் சுற்றி இருக்கும் அத்தனை கிழவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. பிறகு கிளாரன்ஸ் சொன்னான்:

"நீ நிறையப் போடு ஹெல்மி."

ஒரு கரண்டி நிறையப் போட்டேன். ஆவி கூடத்துக்குப் போனதும் ரெய்னோ இருமினார். அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். மிளகு இருமல்தான். அந்தப் பிப்ரவரி இருமலின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை.